பூவில் தேனில்லை, காம்பில் இருக்கிறது

பூ பளிச்சென்ற மஞ்சள். உள்ளே ஒரு சொட்டுத் தேன் கிடையாது. அமெரிக்காவின் ஜார்ஜியா, புளோரிடா பக்கத்து மணற்பாங்கான பைன் காடுகளில் பூக்கும் ‘பார்ட்ரிட்ஜ் பீ’ என்ற காட்டுச் செடி இது. தாவரவியல் பெயர் காமேகிரிஸ்டா ஃபாசிகுலேட்டா. அவரைக் குடும்பத்தில் நம் ஆவாரைக்கு நெருங்கிய சொந்தம். ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, காய்த்து மடிந்துவிடும்.

அந்தக் காடுகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு தீ ஓடும். நீளிலைப் பைன் மரங்கள் அதைத் தாங்கும். தரையில் மூடிக்கிடக்கும் பைன் சருகு எரிந்து வெயில் மண்ணைத் தொட்டதும், சூட்டில் தோல் வெடித்த விதைகள் முளைக்கின்றன. வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால், சத்தில்லா மணலும் இதற்குப் போதும்.

தேனில்லாத பூவுக்கு யார் வருவார்கள்? மகரந்தம் தேடும் பம்பிள் தேனீக்கள் வரும். மகரந்தப் பைகள் நெடுக வெடிப்பதில்லை. மிளகுத்தூள் குப்பி மாதிரி நுனியில் துளை மட்டுமே. தேனீ பையைப் பற்றிக்கொண்டு, சிறகை அடிக்காமல், மார்புத் தசையை மட்டும் அதிரவைக்கும். மகரந்தம் கொட்டும். சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை வராது.

அதற்கும் வழியிருக்கிறது. ஒவ்வோர் இலைக்காம்பிலும் கிண்ண வடிவில் ஒரு சுரப்பி. தேன் ஊறுவது அங்கேதான். தேனீக்கள் காம்பில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போகின்றன. செடி எதிர்பார்க்கும் விருந்தாளி வேறு: எறும்பு. தேனுக்கு ஏறிவரும் எறும்புகள், இலை தின்னும் புழுக்களைத் தாக்குகின்றன. இந்தக் காவல் எறும்பு நிறைந்த இடத்தில்தான் பலிக்கும். சல்ஃபர் பட்டாம்பூச்சியின் புழுக்கள் பலே கில்லாடிகள். இலையைத் தின்றால் பச்சை, பூவைத் தின்றால் மஞ்சள் என்று நிறம் மாறி மறைந்துகொள்ளும்.

காய் முற்றிக் காய்ந்ததும் முறுக்கிக்கொண்டு வெடித்து விதைகளை வீசும். குளிர்காலத்தில் பாப்வைட் காடைகளுக்கு அதுதான் தீனி. காடை வேட்டைக்காரர்கள் இதைத் தேடி விதைப்பதும் அதனால்தான்.

நம் ஊர் ஆவாரையிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். சிற்றிலை ஜோடிகளுக்கு நடுவே சுரப்பிகள். மகரந்தம் உதிர்க்கக் கருவண்டு. அடுத்தமுறை ஆவாரம்பூ பறிக்கப் போகும்போது, இலையில் அந்தச் சுரப்பிகளைத் தேடிப் பாருங்கள்.