பஸ் வராத ஊரும் கட்டணமில்லாப் பிரயாணமும்

ஜவ்வாது மலையிலுள்ள ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் கணக்குகளைப் பரிசீலிக்க அண்மையில் சென்றிருந்தோம். கொள்முதல் பதிவேட்டைப் புரட்டியபோது ஒன்று புலப்பட்டது. சாலையோரச் சிற்றூர்களின் அங்கத்தினர் புளி, கடுக்காய், தேன் ஆகியவற்றைத் தவறாது கொண்டுவந்து போட்டிருந்தனர். உள்ளொதுங்கிய ஊர்களின் அங்கத்தினர் பெயர்களுக்கு எதிரே ஆண்டு முழுவதும் வெறுங்கோடுதான். “அங்கத்தினருக்குச் சங்கத்தின்பால் பற்று இல்லை” என்று முந்திய ஆண்டின் ஆய்வுக் குறிப்பில் நாமே எழுதியிருந்தோம். அது எத்துணைத் தவறு என்பதை அன்று மாலையே உணர்ந்தோம்.

அத்தகைய ஊர் ஒன்றைச் சேர்ந்த அம்மையார் ஒருவர் சங்க வாயிலில் அமர்ந்திருந்தார். “பங்குத்தொகை கட்டியிருக்கிறீர்கள், புளியை மட்டும் வியாபாரிக்குப் போடுகிறீர்களே, ஏன் அம்மா?” என்று வினவினோம்.

“வியாபாரி வாசலுக்கு வருகிறார், ஐயா. சங்கம் வருமா? மூட்டையைச் சுமந்து பஸ் ரோட்டுக்கு வருவதற்குள் பாதி நாள் போய்விடும். பஸ்ஸும் போய்விட்டால் அன்றைய கூலியும் போச்சு. கீழே பெண்பிள்ளைகளுக்கு டிக்கெட்டுக்குக் காசு வேண்டாமாம். எங்களுக்குக் காசு கொடுத்து ஏறவும் பஸ் இல்லையே!” என்றார் அவர்.

அவர் குறிப்பிட்டது, 2021 மே 8 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த மகளிர் கட்டணமில்லாப் பிரயாணத் திட்டமே. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கென அது வகுக்கப்பட்டது. நடத்துநர் கட்டணமில்லாச் சீட்டு வழங்குவார். அதற்குரிய தொகையை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடு செய்யும். முதலாண்டிலேயே இதற்கென 1,200 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. பிரயாணம் செய்யும் பெண்கள் மாதந்தோறும் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துவதாக மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு கூறியது. நெசவாளர் வீட்டில் இத்தொகை அரிசிக்கும் பள்ளிச் செலவுக்கும் உதவும் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

ஆயினும், நகரப் பேருந்து ஓடாத மலைகளில் இச்சலுகை எட்டாக்கனியாயிற்று. இக்குறையை உணர்ந்தே, நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப்பகுதிகளுக்கும் இது விரிவாக்கப்படும் என்று 2024 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது.

ஆரணிப் பக்கத்து நெசவாளர் அங்கத்தினர் ஒருவரிடம் இதுபற்றி உரையாடினோம். “பட்டு நூல் விலை ஏறிக் கிடக்கிறது. பிறர் பிரயாணத்துக்கு நம் வரிப்பணம் ஏன்?” என்றார் அவர். கேள்வி நியாயமானதே. இலவசம் என்பது யாரும் கொடுக்காத பணம் அன்று. எல்லோரும் கொடுத்த பணம். ஆனால், சங்கத்தின் பொதுநிதியிலிருந்து கிடங்கு கட்டும்போது, “என் வீட்டில் மூட்டை இல்லையே” என்று நாம் மறுப்பதில்லை. ஊர் கூடித் தேர் இழுப்பதே கூட்டுறவு.

மற்றோர் ஆட்சேபமும் உண்டு. கட்டணத்தை விடுவதற்குப் பதில் அதே பணத்தில் கூடுதல் பஸ்களை விடலாகாதா என்பர் சிலர். இதனையும் புறக்கணிப்பதற்கில்லை. பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரம் 1997-இல் யாவருக்கும் பஸ் கட்டணத்தை நீக்கியது. செலவு தாங்காமல் 2013-இல் அதைக் கைவிட்டது. லக்சம்பர்க் நாடோ 2020-இல் நாடு முழுவதும் கட்டணத்தை நீக்கியது. அது சிறிய நாடு, செல்வ நாடு, வண்டிகள் முன்பே ஓடிக்கொண்டிருந்த நாடு. ஆகவே கட்டணமும் வண்டியும் ஒன்றுக்கொன்று பகையல்ல; வண்டி முந்த வேண்டும், சலுகை உடன் செல்ல வேண்டும் என்பதே நமது துணிபு. வண்டி இல்லாத ஊரில் சலுகை வெறும் காகிதம். சலுகை இல்லாத வண்டியில் ஏழைப் பெண் தயங்கித்தான் ஏறுவாள்.

இதில் சங்கங்கள் செய்யத்தக்கது யாது? முறையீடு மட்டும் போதாது, கணக்கு வேண்டும். எந்த ஊரிலிருந்து, எந்தச் சந்தை நாளில், எத்தனை பேர், எத்தனை மூட்டை என்று ஒவ்வொரு சங்கமும் மூன்று மாதம் குறித்து வைக்கட்டும். அதன்பின் நிர்வாகக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கும், திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியருக்கும் அளிக்கட்டும். வண்டி புறப்படும் நேரம் சங்கக் கொள்முதல் நேரத்தோடு பொருந்த வேண்டும் என்றும், மூட்டைக்கு இடம் வேண்டும் என்றும் அதில் தெளிவாக எழுதப்பட வேண்டும். பஸ் வரும்வரை, மாதம் இருமுறை ஒரு வண்டி அமர்த்தி உள்ளூர்களுக்கே சென்று கொள்முதல் செய்ய இயலுமா என்பதையும் சங்கம் ஆராயலாம். வாடகையையும் வியாபாரி குறைத்துக் கொடுக்கும் விலையையும் ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும்.

இவ்வாண்டு ஆய்வுக் குறிப்பில் பழைய வாக்கியத்தை மீண்டும் எழுத மனம் வரவில்லை. “போக்குவரத்து வசதியின்மையால் உள்ளூர் அங்கத்தினரின் சரக்கு சங்கத்துக்கு வந்து சேரவில்லை; பற்றில்லை என்ற முந்திய குறிப்பு நீக்கத்தக்கது” என்று எழுதிக் கையொப்பமிட்டோம். அந்த வெறுங்கோடுகளில் எண்கள் ஏறுவது இனிச் சங்கத்தின் முயற்சியைப் பொறுத்தது.