உதிரித் தகவல்களைத் தொடுக்கும் நார்

கீழே உள்ள ஆறு தகவல்களைப் பொது அறிவு நூல்களில் ஆறு வெவ்வேறு பக்கங்களில் காணலாம்.

ஒன்று, மதுரை திருமலை நாயக்கர் மகால் 1636இல் கட்டப்பட்டது. இரண்டு, கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் அரபிக் கடலோரம் நிற்கும் பேக்கல் கோட்டை, 1650ஆம் ஆண்டையொட்டிக் கேளடி நாயக்கர் மரபைச் சேர்ந்த சிவப்ப நாயக்கரால் கட்டப்பட்டதாகக் கருதப்படுகிறது. மூன்று, மகாகவி பாரதியார் 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராகச் சில மாதங்கள் பணியாற்றினார். நான்கு, தமிழின் 247 எழுத்துகளில் உயிரும் அல்லாத, மெய்யும் அல்லாத எழுத்து ஒன்றே ஒன்று. மூன்று புள்ளிகளால் ஆன ஆய்தம். ஐந்து, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர்கள் காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயில் கல்வெட்டில் உள்ளன. ஆறு, யமனிடமிருந்து கணவனை மீட்ட சாவித்திரியின் கதை மகாபாரதத்தின் வன பருவத்தில் வருகிறது.

இந்த ஆறையும் இணைப்பது எது?

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி போன்ற சுற்றுவட்டார ஊர்களிலும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வினாடி வினா நடத்தும்போது, நான் மிகவும் விரும்பிக் கேட்கும் வகை இது. ஒவ்வொரு தகவலும் தனித்தனியே மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால், ‘இணைப்பது எது’ என்றவுடன் அரங்கம் அமைதியாகிவிடும். யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி ‘மணிரத்னம்’ என்று சொன்னதும் சிரிப்பும் கைத்தட்டலும் எழும். சிரிப்பு அடங்கிய பிறகுதான் உண்மையான பாடம் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

விடையின் விரிவு

இயக்குநர் மணிரத்னம் 1956 ஜூன் 2 அன்று மதுரையில் பிறந்தவர். திருமலை நாயக்கர் மகாலும் பேக்கல் கோட்டையும் அவருடைய ‘பம்பாய்’ (1995) படத்தின் இரண்டு புகழ்பெற்ற பாடல் காட்சிகளுக்குக் களங்கள். பாரதியின் கவிதை வரிகளிலிருந்து ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002), ‘காற்று வெளியிடை’ (2017) என்று தம்முடைய இரண்டு படங்களுக்கு அவர் தலைப்பு எடுத்துக்கொண்டார். ஆய்தத்தின் மூன்று புள்ளிகள், மூன்று இளைஞர்களின் வாழ்க்கை ஒரு புள்ளியில் சந்திக்கும் ‘ஆய்த எழுத்து’ (2004) ஆயின. உடையார்குடிக் கல்வெட்டு சொல்லும் கொலை, கல்கியின் நாவல் வழியாகப் ‘பொன்னியின் செல்வன்’ (2022, 2023) படங்களின் மையத்துக்கு வந்தது. கடத்தப்பட்ட கணவனை மீட்கப் போராடும் ‘ரோஜா’ (1992) நாயகியிடம் சாவித்திரியின் சாயல் இருக்கிறது. 1991இல் காஷ்மீரில் பொதுத்துறை எண்ணெய் நிறுவன அதிகாரி ஒருவர் கடத்தப்பட்ட செய்தியும் அந்தக் கதையின் பின்னணியில் உண்டு.

இதோடு நிறுத்திக்கொண்டால் இது பொழுதுபோக்கு மட்டுமே. இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். தகவல்களுக்கு இடையிலான தொடர்பு இரு வகைப்படும். ஒன்று தற்செயல் தொடர்பு, மற்றொன்று காரணத் தொடர்பு. ஒரே இயக்குநரின் கேமரா இரண்டு கட்டடங்களையும் கண்டது என்பது தற்செயல். அது நினைவில் நிற்க உதவும், எதையும் விளக்காது. ஆனால், அந்தத் தற்செயலைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு கேள்வி கேட்டால், பெரும்பாலும் காரணத் தொடர்பு ஒன்று தட்டுப்படும்.

இரண்டு நாயக்கர்கள், ஒரு பேரரசு

மதுரை மகாலையும் பேக்கல் கோட்டையையும் எடுத்துக்கொள்வோம். ஒன்று வைகைச் சமவெளியில், மற்றொன்று மலபார்க் கரையில். கட்டியவர்கள் இருவருமே நாயக்கர்கள். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளே இடைவெளி. ஏன்? விஜயநகரப் பேரரசின் மாகாண அதிகாரிகளாக இருந்தவர்கள் நாயக்கர்கள். 1565இல் தலைக்கோட்டைப் போரில் பேரரசு நிலைகுலைந்த பிறகு மதுரை, தஞ்சை, செஞ்சி, கேளடி என ஆங்காங்கே இருந்த நாயக்கர்கள் படிப்படியாகத் தனியரசர்கள் ஆனார்கள். புதிதாக அதிகாரம் பெற்றவர்கள் அதைக் கல்லிலும் சுதையிலும் காட்ட விரும்பினார்கள். ஒருவர் அரண்மனை எழுப்பினார். மற்றவர் துறைமுகக் கரையைக் காக்கக் கோட்டை எழுப்பினார்.

‘1636’ என்ற எண்ணுக்கும் இப்போது பொருள் கிடைக்கிறது. திருச்சிராப்பள்ளியில் இருந்த தலைநகரை மதுரைக்கு மாற்றியவர் திருமலை நாயக்கர். புதிய தலைநகருக்குப் புதிய அரண்மனை தேவைப்பட்டது. அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரை மீண்டும் திருச்சிக்கே கொண்டுபோனபோது, அரண்மனையின் பல பகுதிகளைப் பிரித்து எடுத்துச் சென்றார். இன்று நாம் பார்ப்பது பழைய அரண்மனையின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். தலைநகர் வந்ததால் எழுந்தது, தலைநகர் போனதால் சிதைந்தது. இப்படிச் சொன்னால் எந்த மாணவருக்கும் அந்த ஆண்டு மறக்காது.

எஞ்சிய அந்தப் பங்கும் விழுந்துவிடாமல் காத்ததில், 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவுக்குப் பெரும் பங்கு உண்டு. சென்னையில் கூவம் கடலில் கலக்கும் இடத்தில் 1869இல் கட்டப்பட்ட நேப்பியர் பாலம் அவர் பெயரைத்தான் சுமக்கிறது. ‘ஆய்த எழுத்து’ படத்தில் மூன்று இளைஞர்களின் விதியும் ஒன்றோடொன்று மோதுவது இதே பாலத்தின் மீதுதான். மதுரையின் தூண்களையும் சென்னையின் வளைவுகளையும் ஒரே ஆளுநரின் பெயர் இணைக்கிறது. இயக்குநர் இதையெல்லாம் திட்டமிட்டிருக்க வேண்டும் என்பதில்லை. பார்வையாளர் தேடினால் கிடைக்கிறது என்பதே முக்கியம்.

‘பம்பாய்’ பாடலுக்கு மகால் பொருந்துவதற்கு அழகைத் தாண்டிய ஒரு காரணமும் தென்படுகிறது. இந்து மன்னர் ஒருவர் கட்டிய அந்த அரண்மனையில், இஸ்லாமியக் கட்டடக் கலையின் வளைவுகளும் குவிமாடங்களும் தென்னிந்தியச் சுதைச் சிற்பங்களோடு கலந்து நிற்கின்றன. ஓர் இந்து இளைஞன் ஒரு முஸ்லிம் பெண்ணின் மீது மனத்தைப் பறிகொடுக்கும் காட்சி அந்தத் தூண்களுக்கிடையே நிகழ்கிறது. 1992-93 கலவரங்களைப் பேசும் படத்தின் செய்தியை அந்தக் கட்டடம் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. படத்தைப் பத்து முறை பார்த்தவர்களுக்கும் இது தெரியாமல் போகலாம். ஏனென்றால், திரையில் மகாலுக்குப் பெயர் இல்லை. அது யாரோ ஒருவருடைய கல்யாண வீடு.

திரை மறைப்பது

இங்குதான் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. சினிமா கதவைத் திறக்கும். சில நேரங்களில் கதவையே அறை என்று நம்பவும் வைக்கும்.

உடையார்குடிக் கல்வெட்டு முதலாம் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வீரபாண்டியனின் தலையைக் கொண்டதாகச் சோழர் கல்வெட்டுகள் பெருமையுடன் குறிப்பிடும் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலியோரை அது குறிக்கிறது. அவர்களுடைய சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டதைப் பேசுகிறது. ரவிதாசனுக்குப் ‘பஞ்சவன் பிரம்மாதிராஜன்’ என்றும், பரமேசுவரனுக்கு ‘இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன்’ என்றும் பட்டங்கள் இருந்ததாகவும் சொல்கிறது. இவை அரசு அதிகாரிகளுக்கு உரிய பட்டங்கள். ஆனால், ஏன் கொன்றார்கள் என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை.

அந்த மௌனத்தில்தான் கல்கி தன் நாவலை எழுப்பினார். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அந்தக் கதையில் நந்தினி உருவானாள். ரவிதாசன் பாண்டிய நாட்டு ஆபத்துதவி ஆனான். நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு, இயக்குநருக்கும் உண்டு. ஆனால், படம் பார்த்த மாணவர் ஒருவர் ‘பழிவாங்கப் பாண்டியர்கள் ஆதித்த கரிகாலனைக் கொன்றார்கள்’ என்று வரலாற்று விடையாக எழுதினால், அவர் கற்பனையைச் சான்றாக மாற்றிவிடுகிறார். அந்தக் கற்பனையில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்கள் மதுரையின் பாண்டியர்கள் என்பதால், இங்குள்ளவர்களுக்கு இதில் கூடுதல் அக்கறை இருக்க வேண்டும். கல்வெட்டு எங்கே முடிகிறது, கதை எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிவதும் பொது அறிவுதான்.

தேர்வுக்கு அப்பால்

மதுரையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களை நூலகங்களிலும் பூங்காக்களிலும் பயிற்சி மையங்களிலும் நாள்தோறும் பார்க்கிறேன். குரூப் 4 தேர்வின் 200 வினாக்களில் 75 பொது அறிவு சார்ந்தவை. அந்த 75ஐக் குறிவைத்து ஆயிரக்கணக்கான ஒற்றை வரிகளை அவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். அவர்களைக் குறைசொல்வதற்கில்லை; ஒரு மதிப்பெண்ணில் ஒரு குடும்பத்தின் எதிர்காலம் மாறும் தேர்வு அது. ஆனால், தேர்வு முடிந்த சில மாதங்களில் அந்த வரிகள் உதிர்ந்துவிடுகின்றன. மாட்டுத்தாவணி பூச்சந்தையில் உதிரி மல்லிகை கிலோக் கணக்கில் கிடைக்கும். தலையில் சூட வேண்டுமானால் நாரில் தொடுத்தாக வேண்டும்.

அந்த நார் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. நூலகம் இல்லாத கிராமத்திலும் சினிமா உண்டு. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கும் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கும் பொதுவாக இருக்கும் நினைவுச் சேமிப்பு அதுதான். ஆசிரியர்கள் அதைத் தாழ்வாக நினைத்து ஒதுக்குவது இழப்பு. சேதுபதி பள்ளியில் பாரதி பணியாற்றிய செய்தியை ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ என்ற தலைப்பிலிருந்து தொடங்கிச் சொல்லலாம். அச்சில் வந்த அவருடைய முதல் கவிதையாகக் கருதப்படும் ‘தனிமை இரக்கம்’ அதே 1904இல் மதுரையின் ‘விவேகபாநு’ இதழில் வெளிவந்தது என்று தொடரலாம். அங்கிருந்து, பிற்காலத்தில் நாடே கொண்டாடிய ஒரு கவிஞர் நம் ஊரில் சில மாதத் தற்காலிகப் பணியில்தான் இருந்தார் என்ற உண்மைக்கு வரலாம்.

பயிற்சி தருபவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே. ஒரு தகவலைச் சொல்லி முடித்ததும் ‘இதை வேறு எங்கே பார்த்திருக்கிறாய்?’ என்று கேளுங்கள். விடை ஒரு சினிமாப் பாடலாக இருந்தாலும் மகிழ்ந்து ஏற்றுக்கொள்ளுங்கள். அதன் பிறகு ‘அது ஏன் அங்கே இருக்கிறது?’ என்று இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள். முதல் கேள்வி நினைவைத் தொடும். இரண்டாவது கேள்விக்கு மாணவர் நூலகத்துக்குப் போக வேண்டியிருக்கும், அல்லது மகாலுக்கே நேரில் போய்த் தூண்களை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும்.