உங்களுக்குத் தெரியுமா?

உண்மைக் கதை என்று விற்பனைக்கு வந்த ஒரு போர் வீரரின் வாழ்க்கைக் கதையை, சில வாரங்களிலேயே ‘புனைகதை’ வரிசைக்கு மாற்றியது அதை வெளியிட்ட ரேண்டம் ஹவுஸ்!

● நூல்: ‘தி மேன் ஹூ வுட்ன்ட் டாக்’ (1953). கனடாவைச் சேர்ந்த ஜார்ஜ் டூப்ரே சொல்லச் சொல்ல, புகழ்பெற்ற போர்ச் செய்தியாளர் குவென்டின் ரெனால்ட்ஸ் எழுதியது.

● இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ரகசிய உளவாளியாகப் பிரான்ஸுக்குச் சென்றதாகவும், புத்தி மந்தமானவர்போல் நடித்ததாகவும், நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டபோவின் சித்திரவதையிலும் வாய் திறக்கவில்லை என்றும் சொன்னார் டூப்ரே. உண்மையில், அவர் பிரான்ஸில் உளவு பார்க்கவே இல்லை.

● குட்டை உடைத்தவர், ‘கால்கரி ஹெரால்ட்’ நிருபர் டக்ளஸ் காலின்ஸ். இல்லாத அதிகாரிகளின் பெயர்களைச் சொல்லிப் பார்த்தார், “தெரியுமே!” என்றார் டூப்ரே.

● பிரிட்டன் பிரான்ஸுக்கு அனுப்பிய நிஜ உளவாளிகளில் 100-க்கும் மேற்பட்டோர் உயிருடன் திரும்பவில்லை. பொய்யான வீரக்கதை, இவர்களுக்குச் சேர வேண்டிய மரியாதையைத்தான் திருடுகிறது.