உடம்பு இளைச்சா மறைக்காதீங்க! எச்.ஐ.வி. பாதித்தவர்களுக்கு தசை கரைவது ஏன்? தடுப்பது எப்படி?

முதுகுளத்தூர்:-

எச்.ஐ.வி. என்றாலே எலும்பும் தோலுமான உருவம்தான் பலருக்கு ஞாபகம் வரும். அது அந்தக் காலம். 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாகக் கொடுத்து வரும் கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுபவர்கள் மற்றவர்களைப் போல வேலைக்குப் போய் வருகிறார்கள்.

ஆனாலும் சிலருக்கு தசை சத்தமில்லாமல் கரையும். முதுகுளத்தூர் பக்கம் கருவேல மரம் வெட்டுவது, கரி மூட்டம், மிளகாய் வயல் என்று உடம்பை நம்பித்தான் பிழைப்பு. தசை போனால் கூலியும் போச்சு.

ஏன் கரைகிறது?

கிருமியோடு உடம்பு ராத்திரி பகலாக சண்டை போடுகிறது. அதற்குத் தெம்பு வேண்டும். நோய் அறிகுறி இல்லாதவருக்கே வழக்கத்தைவிட 10 சதவீதம் கூடுதல் சக்தி தேவை, அறிகுறி வந்துவிட்டால் 20 முதல் 30 சதவீதம் வரை தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஆனால் வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, பசியின்மை வந்தால் சாப்பாடு இறங்காது. விறகு தீர்ந்ததும் வீட்டுக் கதவை உடைத்து அடுப்பில் வைத்த கதையாக, உடம்பு தன் தசையையே எடுத்து எரிக்கிறது.

60 கிலோ இருந்தவர் தானாகவே 54 கிலோவுக்கு இறங்கி, ஒரு மாதத்துக்கு மேல் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் அது ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

காசநோய் உஷார்

இளைப்புக்குப் பின்னால் பெரும்பாலும் ஒளிந்திருப்பது காசநோய். இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை இருந்தால் சளி பரிசோதனை அவசியம். காசநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு சத்துணவுக்காக மத்திய அரசு தரும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது.

மாத்திரையால் இளைக்குமா?

முன்பு கொடுத்த 'ஸ்டாவுடின்' மாத்திரையால் சிலருக்கு கன்னம் ஒட்டி, கை காலில் நரம்பு புடைத்தது. அப்போது கரைந்தது கொழுப்பு. அந்த மாத்திரை நிறுத்தப்பட்டு பல வருஷம் ஆகிறது. இப்போது தரும் 'டோலுடெகிராவிர்' கலந்த மாத்திரையில் எடை கூடத்தான் வாய்ப்பு. பழைய பயத்தில் மருந்தை விட்டால் கிருமி மறுபடி தலைதூக்கும்.

எடை கூடினாலும் தசை குறையலாம் என்பதால் தராசை மட்டும் நம்பக் கூடாது.

வீட்டிலேயே பாருங்க

* கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்காரணும். 12 வினாடிக்கு மேல் ஆனால் காலில் பலம் குறைவு.

* கெண்டைக்காலின் பெருத்த இடத்தை டேப்பால் அளக்கணும். ஆணுக்கு 34 சென்டிமீட்டருக்கும், பெண்ணுக்கு 33 சென்டிமீட்டருக்கும் கீழே இருந்தால் டாக்டரிடம் சொல்லணும்.

என்ன செய்யணும்?

முதலில் மாத்திரை, ஒரு வேளைகூட தவறக் கூடாது. அடுத்து புரதம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. நெத்திலிக் கருவாடு, பச்சைப்பயறு, நிலக்கடலை, ரேஷன் துவரம்பருப்பு எல்லாமே தசைக்குத் தீனிதான். வெறும் கஞ்சி போதாது.

மூன்றாவது பயிற்சி. வாரத்தில் 2, 3 நாள் நாற்காலியில் எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, பாதித் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இறக்குவது போதும். காய்ச்சல் இருந்தால் ஓய்வு. டாக்டர் சொல்லாமல் 'ஸ்டீராய்டு' ஊசி போடக் கூடாது.

பயம் வேண்டாம்

இளைத்தால் ஊர் கண்டுபிடித்துவிடுமே என்று வீட்டுக்குள் முடங்குவதுதான் பெரிய ஆபத்து. அரசு ஆஸ்பத்திரி 'நம்பிக்கை மைய'த்தில் ரத்தப் பரிசோதனை இலவசம், ரகசியம் காக்கப்படும். 2017 முதல், கிருமி இருப்பது உறுதியானால் உடனே மருந்து தொடங்கப்படுகிறது.

நோயைக் காட்டி வேலையை விட்டு நீக்குவதும், சம்மதமில்லாமல் வெளியே சொல்வதும் 2018 செப்டம்பர் 10-ல் அமலுக்கு வந்த சட்டப்படி தடை செய்யப்பட்டவை. சந்தேகம் இருந்தால் 1097-க்கு இலவசமாக போன் செய்யலாம்.