வட்டுக்கு உத்தரவாதம், தரவுக்கு இல்லை: பழுதாகும் காப்பு வன்தட்டும் பயனரின் உரிமையும்

வீட்டுக் கணினியிலுள்ள கோப்புகளின் இரண்டாம் பிரதியைச் சேமித்து வைக்கப் பயன்படும் வெளிப்புற வன்தட்டு, அதாவது கடைகளில் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் என்ற பெயரில் விற்கப்படும் சாதனம், பழுதாகும்போது பயனர் இழக்க நேர்வது இரண்டு வேறு பொருள்களை. சில ஆயிரம் ரூபாய் பெறும் வட்டு ஒன்று. அதில் பதிந்திருக்கும் தரவு மற்றொன்று. உற்பத்தியாளர் தரும் உத்தரவாதம் முதலாவதை மட்டுமே காக்கிறது. தரவு இழப்புக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்னும் வாசகம் உத்தரவாத நிபந்தனைகளில் வழக்கமாக இடம்பெறும் ஒன்று. வட்டைச் சரிசெய்யும் வழிகளில் பல தரவை அழிப்பவை என்பதால், இவ்விரண்டில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று தீர்மானிக்காமல் தொடங்கும் பழுதுநீக்கம், வட்டு பிழைத்துத் தரவு போய்விடும் நிலையில் முடியக்கூடும்.

வட்டு திரையில் தோன்றவில்லை என்பதாலேயே அது கெட்டுவிட்டது என்று கொள்ள வேண்டியதில்லை. உள்ளங்கையில் அடங்கும் 2.5 அங்குல வட்டுகள் தமக்கு வேண்டிய மின்சாரத்தைக் கணினியின் யுஎஸ்பி துளையிலிருந்தே பெறுகின்றன. யுஎஸ்பி 2.0 தரப்படி ஒரு துளை தரும் மின்னோட்டம் 500 மில்லிஆம்பியர், 3.0 தரப்படி 900 மில்லிஆம்பியர். வட்டு சுழலத் தொடங்கும் கணத்திலோ தேவை சற்றுக் கூடுதல். ஆகவே, தனி மின்னிணைப்பு இல்லாத ஹப் வழியாகவோ நீட்டிப்புக் கேபிள் வழியாகவோ செருகிய வட்டு விளக்கு எரிந்தும் இயங்காமல் கிடந்தால், மேசைக் கணினியின் பின்புறத்தில் தாய்ப்பலகையிலேயே அமைந்துள்ள துளையில் நேராகச் செருகிப் பார்ப்பதே முதல் சோதனை. அடுத்த ஐயம் கேபிளின் மேல் விழ வேண்டும்: பல வட்டுகளில் காணப்படும் பட்டையான மைக்ரோ-பி முனை, அடிக்கடி செருகிக் கழற்றுவதால் தளர்ந்து, கை பட்டாலே இணைப்பு அறுந்துபோகும் நிலைக்கு வந்துவிடும். தனி அடாப்டர் வேண்டும் 3.5 அங்குல வட்டுகளுக்குப் பொதுவாக 12 வோல்ட் மின்னழுத்தம் போதும். முனை பொருந்துகிறது என்பதற்காக 19 வோல்ட் மடிக்கணினி அடாப்டரைச் செருகினால், அதுவரை பழுதே இல்லாத வட்டின் மின்சுற்றுப் பலகையும் கருகக்கூடும்.

மின்சாரமும் கேபிளும் சரியாக இருந்தும் வட்டு தெரியாதபோது, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் பகுதியைத் திறந்து பார்க்க வேண்டும். அங்கே வட்டு பட்டியலில் இருந்து, அதற்குரிய டிரைவ் எழுத்து மட்டும் விடுபட்டிருந்தால், ஓர் எழுத்தைக் கொடுத்த உடனே கோப்புகள் தோன்றிவிடும். இச்செயலால் தரவுக்குச் சேதமில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வட்டின் எந்தப் பகுதியில் எந்தக் கோப்பு உள்ளது என்று குறித்துவைக்கும் அட்டவணைக்குக் கோப்பு முறைமை என்று பெயர். இது சிதைந்துவிட்டால், வட்டைப் பயன்படுத்துவதற்கு முன் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் கேட்கும்; வட்டு எப்படிப் பிரிக்கப்பட்டுள்ளது என்னும் குறிப்பே காணாமற்போனால் இனிஷியலைஸ் செய்யச் சொல்லும். இரண்டும் அறிவுரை போல ஒலித்தாலும், கணினி தன்னால் படிக்க இயலாத வட்டைப் புதிய வட்டாகக் கருதி விடுக்கும் வினாக்களே. விரைவு ஃபார்மட் அட்டவணையை மட்டும் புதிதாக எழுதுவதால் மீட்புக்கு ஓரளவு இடமிருக்கும்; விண்டோஸ் விஸ்டா முதல் முழு ஃபார்மட் வட்டு முழுவதும் பூச்சியங்களை எழுதிவிடுவதால், அதன்பின் மீட்க எதுவும் மிஞ்சாது.

சீரான இடைவெளியில் 'டிக் டிக்' என்று கேட்கும் ஒலி, படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டறிய முடியாமல் மீண்டும் மீண்டும் முயல்வதன் அறிகுறி. சுழலும் தட்டுக்கு மிக நுண்ணிய இடைவெளியில் மிதக்க வேண்டிய அம்முனை தட்டின் மேல் உரசினால், காந்தப் பூச்சு சுரண்டப்பட்டுத் தரவு துகளாகவே உதிர்ந்துவிடும் என்பதால், இந்த ஒலியைக் கேட்டவுடன் மின்சாரத்தைத் துண்டிப்பதைத் தவிர வீட்டில் செய்யத்தக்கது வேறொன்றும் இல்லை. குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் ஓடும் என்ற பழைய கைவைத்தியம், உள்ளே நீர்த்துளிகள் படியச் செய்து நிலைமையை மோசமாக்கும். ஒலி இல்லாமல் வேகம் மட்டும் குறைந்திருக்கும் வட்டிலும் செக்டிஸ்க் கட்டளையை ஓட்டுவது உகந்ததன்று. அது கோப்பு முறைமையை ஒழுங்குபடுத்துவதற்கென்று அமைந்ததாகையால், பொருந்தாத பதிவுகளை வெட்டி எறியவும் தயங்காது. முதலில் டிடிரெஸ்க்யூ போன்ற இலவச மென்பொருளால் வட்டை முழுமையாக வேறொரு நல்ல வட்டில் படியெடுத்து, மீட்பு முயற்சிகள் அனைத்தையும் அந்தப் படியின் மேல் நடத்துவதே முறை.

உத்தரவாதக் காலம் முடியாத வட்டை நிறுவனத்திடம் ஒப்படைத்தால் மாற்று வட்டு கிடைக்கும், அது புதுப்பிக்கப்பட்ட பழைய வட்டாகவும் இருக்கலாம். ஒப்படைத்த வட்டோ பொதுவாகத் திரும்பி வராது. எனவே தரவு வேண்டுமெனில் மீட்பு முன்னதாகவும் உத்தரவாதக் கோரிக்கை பின்னதாகவும் அமைய வேண்டும். ஆனால் மீட்புக்காக வட்டைத் திறந்தால் உத்தரவாதம் ரத்தாகக்கூடும் என்ற சிக்கல் குறுக்கே நிற்பதால், எந்த மீட்பு நிலையம் திறந்தால் உத்தரவாதம் தொடரும் என்பதை நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பெற்ற பதில் பயனரின் கையில் இருப்பது நல்லது.

நிறுவனம் மாற்றித்தர மறுத்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வருகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம். அதில் தீராதபோது, பயனர் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தையே அணுகலாம், விற்றவர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் தரவேண்டும். ரசீது வெப்பத்தாளில் அச்சிட்டதாக இருந்தால் சில மாதங்களிலேயே எழுத்து மங்கிவிடும் என்பதால், வாங்கிய அன்றே அதைப் படம் எடுத்து வைப்பது பயன் தரும். அந்தப் படம் அதே வட்டில் மட்டும் இருப்பதில் பொருளில்லை.

இணையச் சந்தைகளில் 16 டெராபைட் என்று மிகக் குறைந்த விலைக்கு வரும் வட்டுகள் தனி வகை. உள்ளே சிறிய நினைவட்டை ஒன்றை வைத்து, பொய்யான கொள்ளளவைக் கணினிக்குக் காட்டும்படி அமைக்கப்பட்ட இவற்றில், உண்மைக் கொள்ளளவைத் தாண்டி எழுதப்படுபவை சத்தமின்றி அழிந்துபோகும். கோப்பின் பெயர் தெரியும், திறந்தால் உள்ளடக்கம் இராது. வாங்கியவுடன் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற சோதனை மென்பொருளால் வட்டை முழுமையாக நிரப்பிப் பார்த்தால், திருப்பி அனுப்புவதற்கான காலம் முடியும் முன்பே குட்டு வெளிப்பட்டுவிடும்.

பழுதுபார்க்கக் கொடுத்த வட்டிலுள்ள குடும்பப் படங்களையும் வங்கி ஆவணங்களையும் உரியவர் அனுமதியின்றிப் படியெடுப்பது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவின்படி இழப்பீட்டுக்கு உரியது. நேர்மையற்ற நோக்கில் செய்தால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. ஆயினும் நடந்ததை நிரூபிக்கும் சுமை கடினமானது. இயங்காத வட்டை அழித்துவிட்டுக் கொடுக்கவும் முடியாதாகையால், வட்டு நலமாக இருக்கும்போதே பிட்லாக்கர் போன்ற குறியாக்கத்தால், அதாவது கடவுச்சொல் இன்றிப் படிக்க இயலாதபடி தரவை மாற்றியமைக்கும் முறையால், பூட்டி வைப்பதே நடைமுறைக்கு ஒத்த காப்பு. அப்போது கணினி வழங்கும் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடலாம்.