பிரசவத்துக்கு வரும் சுறா

உலகிலேயே பெரிய மீனுக்குக் கடிக்கத் தெரியாது. திமிங்கலச் சுறாவின் வாயில் பொடிப் பற்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றுக்கு வேலைதான் இல்லை. வாயைத் திறந்தபடி மெல்ல நீந்தும். உள்ளே போன தண்ணீர் செவுள் வழியே வடிந்துவிட, மிதவை உயிரிகளும் கூனியும் மீன் முட்டைகளும் உள்ளே தங்கும். இவற்றைத் தின்றே 12 மீட்டர், சில சமயம் அதற்கு மேலும் வளர்கிறது. நம் கடற்கரையில் இதற்கு அம்மணி உளுவை என்று பெயர். முதுகின் வெள்ளைப் புள்ளிகள் ஒன்றைப்போல் இன்னொன்றுக்கு இருக்காது. வானத்து விண்மீன் படங்களை ஒப்பிட எழுதிய கணினி முறையை வைத்துத்தான் ஆய்வாளர்கள் ஆள் அடையாளம் பார்க்கிறார்கள்.

குஜராத்தின் வேராவல் கரையில் இதைக் கயிறும் பீப்பாயும் கட்டிய பெரிய கொக்கியால் வேட்டையாடினார்கள். முதலில் ஈரல் எண்ணெய்க்காக. மரப்படகில் பூசினால் தண்ணீர் ஊறாது. 1990களில் இறைச்சி தைவானுக்குப் போகத் தொடங்கியதும் வேட்டை பெருகியது.

1995இல் தைவானில் பிடிபட்ட தாய்ச் சுறாவின் வயிற்றில் சுமார் 300 குட்டிகள் இருந்தன. அப்படியானால் கவலை எதற்கு என்று தோன்றும். கானாங்கெளுத்தி ஓராண்டிலேயே முட்டையிடத் தயாராகிவிடும். திமிங்கலச் சுறா பருவமடைய 25 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதுவரை கொக்கியில் சிக்காமல் இருக்க வேண்டுமே!

மைக் பாண்டேயின் ஆவணப்படம் இந்த வேட்டையை வெளியே காட்டியது. 2001 மே மாதம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இந்தச் சுறா சேர்ந்தது. இந்தியாவில் அந்த இடம் பெற்ற முதல் மீன் இதுதான். ஆனால் கடலுக்குள் போலீஸ் ஏது? 2004இல் குஜராத் வனத்துறையும் இந்திய வனவுயிர் அறக்கட்டளையும் டாடா கெமிக்கல்ஸும் சேர்ந்து, ராமகதை சொல்லும் மொராரி பாபுவை அழைத்தன. இந்தச் சுறா பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள், அவளைக் கொல்வீர்களா என்று அவர் மீனவர்களிடம் கேட்டார். சட்டத்துக்குப் பணியாதவர் பக்திக்குப் பணிவது, ஆடிக் கிருத்திகைக் காவடிக்கு விரதமிருக்கும் திருத்தணிக்காரர்களுக்குப் புரியும். சர்க்கார் சொல்லி விடாத மீனை முருகனுக்காக விட்டுவிடுகிறவர்கள்தானே நாம்.

ஆனாலும் கடன் வாங்கிப் போட்ட வலையைப் பக்தி மட்டும் அறுக்க வைக்காது. அறுத்த வலைக்கு வனத்துறை நஷ்டஈடு கொடுத்தது. முதலில் அதிகாரி வந்து பார்க்கும்வரை சுறா வலையிலேயே தவித்தது. பிறகு மீனவர் கையிலேயே கேமராவைக் கொடுத்தார்கள். இப்போது அவரே அறுத்துவிட்டு, படம் எடுத்துக் காட்டிப் பணம் வாங்கிக்கொள்ளலாம். இப்படி நூற்றுக்கணக்கான சுறாக்கள் கடலுக்குத் திரும்பியிருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலும் அம்மணி உளுவை வலையில் சிக்கத்தான் செய்கிறது. அங்கும் வலைக்காரருக்குக் கையோடு பணம் கிடைக்க வேண்டும்.