வேலுநாச்சியார் மரபும் பினாங்கும்
சேதுநாட்டினின்று பிரிந்த சிவகங்கைச் சீமையைத் தாயரசுடன் உறவால் பிணைத்தது, சேதுபதியின் மகள் வேலுநாச்சியாருக்கும் முத்துவடுகநாதருக்கும் நிகழ்ந்த திருமணமாகும். இவ்விணையரின் அரசுரிமை மகள் வெள்ளச்சியைச் சார்ந்திருந்தது. 1772இல் காளையார்கோவிலில் கணவர் வீழ்ந்தபின், மகளுடன் விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்த அரசியார், ஐதர் அலியின் படைத்துணையும் மருது சகோதரரின் ஆற்றலும் கொண்டு 1780இல் சீமையை மீட்டார். பின்னர் அவ்வுரிமை வெள்ளச்சியை மணந்த வேங்கன் பெரிய உடையாத்தேவரை அடைந்தது.

1801ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது கும்பினியார் சீமையைக் கௌரிவல்லபருக்கு அளித்தனர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின், உடையாத்தேவர், சின்னமருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட 70க்கும் மேற்பட்டோர் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு நாடுகடத்தப்பட்டனர். மகள்வழி நிலைபெறக் கருதிய அரசுரிமை இவ்வாறு கடல்கடந்து முடிவுற்றது. ஆகவே, பினாங்குத் தமிழர் வரலாற்றை ஆராய்வோர் வணிகர், தொழிலாளர் ஆகியோருடன் இவ்வரசியல் கைதிகளையும் தொடக்கக்காலக் குடியினருள் வைத்து எண்ணுதல் வேண்டும்.